முன்குறியாக்கம் செய்தும் வேகம் ஏறவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

தரையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கற்றை என்று அனுப்பும் பல கற்றைச் செயற்கைக்கோளில், அண்டைக் கற்றைகளுக்கு வெவ்வேறு அலைவரிசையோ முனைவாக்கமோ கொடுக்கும் பழைய நான்கு வண்ண முறையை விட்டுவிட்டு, எல்லாக் கற்றைகளுக்கும் முழு அலைப்பட்டையையும் கொடுத்துவிட்டு, அதனால் எழும் குறுக்கீட்டைத் தரை நிலையத்திலேயே முன்கூட்டிக் கழித்து அனுப்புவது முன்குறியாக்கம். தாளில் எழுதினால் ஒரு பக்கக் கணக்கு. சிமுலேஷனில் போட்ட முதல் ஓட்டத்திலேயே எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று என் அறைக்கு வந்தவர்கள் இதுவரை இரண்டே பேர். இருவருக்கும் கீழே உள்ள நான்காம் அறிகுறி இருந்தது.

ஆண்டுதோறும் புதிதாக வருகிறவர்கள் அதே ஆறேழு பள்ளங்களில்தான் விழுகிறார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தூக்கிவிட்டு அலுத்துப்போனதால் இதை எழுதுகிறேன். தேற்றங்கள் கிடையாது. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்; அதற்குள் செலவில்லாத சோதனை முதலிலும் நாள்கணக்கில் இழுப்பது கடைசியிலும் இருக்கும்.

நான் மனத்தில் வைத்திருக்கும் அமைப்பு இது. டிவிபி-எஸ்2எக்ஸ் என்ற செயற்கைக்கோள் ஒலி-ஒளிபரப்புத் தரத்தில் பல பயனர்களின் பாக்கெட்டுகள் ஒரே சட்டகத்துக்குள் சேர்ந்து குறியாக்கம் ஆகின்றன. 64,800 பிட் நீளமுள்ள ஒரு தொகுதியில், பிழை திருத்தும் பிட்கள் போக, 1,500 பைட் பாக்கெட் நான்கு வரை அடங்கும். ஆகவே அந்தச் சட்டகத்தில் ஏறிய அத்தனை பேருக்கும் ஒரே முன்குறியாக்கி, ஒரே மோட்காட் (பண்பேற்றமும் பிழைதிருத்தக் குறியாக்க விகிதமும் சேர்ந்த இணை). ஆளுக்கொரு தரவு என்றாலும் வானில் போவது மல்டிகாஸ்ட், அதாவது ஒரே குறிகையைப் பலர் வாங்குவது. பந்தியில் கடைசி ஆள் இலையை மடிக்கும்வரை அடுத்த பந்தி போட முடியாதே, அதே கதைதான். சேனல் அணியில் ஒரு நிரை ஒரு பயனர். ஒரு நிரல் ஒரு ஃபீடு, அதாவது செயற்கைக்கோள் ஆண்டெனாவுக்குக் குறிகை ஊட்டும் வாய். கீழே எல்லா இடத்திலும் இதே வழக்கம்தான்.

எதையும் தொடுவதற்கு முன்

சமவாய்ப்பு எண்களின் விதையை ஒரே எண்ணில் பூட்டுங்கள். 7 கற்றை, சட்டகத்துக்கு ஒரே பயனர், இரைச்சல் சுழி, மூலைவிட்டத்தில் எதையும் சேர்க்காத நேரடி நேர்மாறு: இதுதான் சோதனைக் களம். சேனல் அணியை முன்குறியாக்கி அணியால் பெருக்கித் திரையில் அச்சிடுங்கள். மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள எண்கள், மூலைவிட்ட எண்களோடு ஒப்பிட்டால், தசமப் புள்ளிக்குப் பின் பத்துச் சுழியங்களாவது தாண்டித்தான் தொடங்க வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் 71 கற்றையில் இரண்டு வாரம் தேடியவர்களை அறிவேன்.

அறிகுறி 1: பழைய நான்கு வண்ண முறையைவிடக் குறைவாக வருகிறது

முதல் கிளை: ஒரே பயனரை வைத்தும் மூலைவிட்டம் சுத்தமாக வரவில்லை

பத்தில் எட்டு முறை காரணம் ஒரு மேற்கோள் குறி. மேட்லேபில் அணிக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் நிரையும் நிரலும் மாறுவதோடு ஒவ்வொரு கலப்பெண்ணுக்கும் இணையியமும் (கான்ஜுகேட்) எடுக்கப்படும். பைத்தானின் நம்பை நூலகத்தில் புள்ளி போட்டு ‘டி’ எழுதினால் நிரை நிரல் மாறும், அவ்வளவுதான். இணையியத்தை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். மேட்லேபில் எழுதிய மூத்தவரின் மென்பொருளைப் பைத்தானுக்கு மாற்றும்போது இந்த இணையியம் வழியில் தொலைந்துபோகிறது. சேனல் எண்கள் எல்லாம் மெய்யெண்களாக இருக்கும்வரை பிழை வெளியே தெரியாது. அலையின் கட்டத்தை (ஃபேஸ்) சேர்த்த மறுநாள் எல்லாம் நாறிவிடும், பழி கட்டத்தின் மேல் விழும்.

இரண்டாம் கிளை: மூலைவிட்டம் சுத்தம், ஆனால் வேகம் குறைவு

முதலில் மூலைவிட்டத்தில் சேர்க்கும் எண்ணைப் பாருங்கள். நேர்மாறு எடுக்கும்முன் சேர்க்கும் அந்தச் சிறிய எண், பயனர் எண்ணிக்கையை இரைச்சல் திறனால் பெருக்கி மொத்தத் திறனால் வகுத்து வர வேண்டும். சேனல் அணி எந்த அலகில் இருக்கிறதோ அதே அலகில். பாதை இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்ட சேனல் எண்கள் மிகமிகச் சிறியவை. அவற்றின் பக்கத்தில் ‘1’ என்று ஓர் எண்ணைக் கூட்டினால் அணியே மறைந்துபோய், குறுக்கீட்டைத் தொடாத முன்குறியாக்கிதான் மிஞ்சும். திறனை 3 டெசிபெல் கூட்டியும் வேகம் அசையவில்லை என்றால் இதுதான் நோய். ஒவ்வொரு நிரையையும் இரைச்சலின் வர்க்கமூலத்தால் முதலிலேயே வகுத்துவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

அடுத்து திறன் அளவீடு. செயற்கைக்கோளில் ஒவ்வொரு ஃபீடுக்கும் அதனதன் ஆற்றல் பெருக்கி. ஒன்றின் மிச்சத்தை இன்னொன்றுக்குக் கடன் கொடுக்க முடியாது. ஆகவே முன்குறியாக்கி அணியின் ஒவ்வொரு நிரையும், இங்கே நிரை என்பது ஃபீடு, தன் வரம்புக்குள் இருக்க வேண்டும். மிகப்பெரிய நிரையை வரம்புக்குக் கொண்டுவந்து முழு அணியையும் அதே விகிதத்தில் சுருக்கினால் குறுக்கீடு சுழியாகவே இருக்கும்; மற்றப் பெருக்கிகள் பாதி வயிற்றோடு ஓடும். ஒவ்வொரு நிரையையும் தனித்தனியாக வரம்புக்கு இழுத்தால் திறன் வீணாகாது. சுத்தமாக இருந்த மூலைவிட்டம் கலங்கிவிடும். இரண்டையும் ஓட்டிப் பார்த்துக் கூடுதலாக வருவதை எடுங்கள். எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல நான் பந்தயம் கட்டுவதில்லை.

மூன்றாவது பட்டை அகலம். 2010-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கா-சாட் 82 கற்றைகளை நான்கு வண்ண முறையில் இயக்கியது: இரண்டு அலைவரிசை, இரண்டு முனைவாக்கம். 500 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் அந்த முறையில் ஒரு கற்றைக்கு 250 கிடைக்கும். முன்குறியாக்கத்தில் 500-உம் கிடைக்கும், கூடவே இரைச்சலும் இரட்டிப்பாகும். பெருக்கியின் திறன் மாறவில்லை, ஆகவே இரைச்சலுக்கு எதிரான விகிதம் 3 டெசிபெல் இறங்கியே தொடங்குகிறது. இந்த 3 டெசிபெல்லைக் கழித்துவிட்டு, கடைசியில் வேகத்தை 500-ஆல் பெருக்க மறந்தவர்கள் உண்டு. பெருக்கிவிட்டுக் கழிக்க மறந்தவர்களும் உண்டு. அவர்கள் மகிழ்ச்சியாக இருப்பார்கள், கொஞ்ச காலம்.

பிறரை அழைக்க வேண்டிய இடம்: இவை அனைத்தும் சரியாக இருந்தும் நான்கு வண்ணம் வெல்கிறது என்றால் மென்பொருளில் பிழை இல்லாமல் இருக்கலாம். சிறிய தட்டு, பலவீனமான கற்றை, இரைச்சலே பெரிய எதிரி என்ற நிலையில் குறுக்கீட்டைக் கழித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இணைப்புத் திறன் கணக்கு போடுகிறவரிடம் உங்கள் அட்டவணையைக் காட்டுங்கள்.

அறிகுறி 2: ஒருவர் இருக்கும்வரை சரி, சட்டகத்தில் இரண்டாம் ஆள் ஏறியதும் விழுகிறது

அதிகம் பேர் வந்து நிற்கும் வாசல் இது. ஒருவருக்கு ஓடிய மென்பொருள், இருவருக்குப் பாதியாகிறது, நால்வருக்குத் தரையைத் தொடுகிறது. ‘மல்டிகாஸ்ட் என்றால் அப்படித்தான், குறைந்தவர் வேகம்தானே’ என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். கொஞ்சம் குறைவது இயல்பு. இடிந்து விழுவது பிழை.

முதல் காரணம், ஒரு வரித் திருத்தம்: சராசரி எடுக்கும் முறை. ஒரு சட்டகத்துக்கு ஒரு முன்குறியாக்கி வேண்டும் என்பதால் அதிலுள்ள பயனர்களின் நிரைகளைக் கூட்டி எண்ணிக்கையால் வகுத்து, அந்தச் சராசரி நிரையை வைத்து நேர்மாறு எடுப்பது எளிய வழி. நல்ல வழிதான். ஆனால் ஒவ்வொரு பயனரின் முனையத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. அது அந்த நிரை முழுவதையும் ஒரே கோணத்தில் சுழற்றும். இரண்டு கற்றை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பயனரின் நிரை 1, 0.4. பக்கத்து வீட்டுக்காரரின் நிரை 1, 0.3, ஆனால் அவருடைய முனையம் எதிர்க்கட்டத்தில் இருப்பதால் −1, −0.3 என்று அறிக்கை வருகிறது. சராசரி என்ன? 0, 0.05. இருவரும் தங்கள் கற்றையில் இல்லவே இல்லை, பக்கத்துக் கற்றையில் இருக்கிறார்கள் என்று சொல்கிறது இந்த நிரை. முன்குறியாக்கி இதை நம்பி வேலை செய்யும்.

சட்டகத்துக்கு ஒருவர் இருந்தபோது இந்தச் சுழற்சி யாரையும் தொந்தரவு செய்யவில்லை. நிரை முழுவதும் ஒன்றாகச் சுழன்றால் சுழியான குறுக்கீடு சுழியாகவேதான் இருக்கும். ஆகவேதான் ‘நேற்றுவரை ஓடியது’ என்ற புலம்பல். மருந்து: கூட்டுவதற்கு முன், ஒவ்வொரு நிரையையும் அதன் சொந்தக் கற்றை எண்ணின் கட்டத்தால் திருப்பி, அந்த எண் நேர்மெய்யாக வரும்படி செய்யுங்கள். இப்போது சராசரி 1, 0.35. முடிந்தது.

இரண்டாம் காரணமும் ஒரு வரிதான்: வேகத்தை எடுக்கும் வரிசை. சட்டகத்திலுள்ளவர்களின் குறிகை விகிதங்களில் (குறுக்கீடும் இரைச்சலும் சேர்ந்ததற்கு எதிரான குறிகையின் விகிதம்) மிகக் குறைந்ததை எடுத்து, அதற்கு மோட்காட் தேடி, அந்த வேகத்தை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி மோட்காட் தேடிச் சராசரி எடுக்கிறவர்களுக்கு முடிவு உயர்ந்து வரும். குறைந்த மோட்காட்டை எடுத்தபின் மறுபடி பயனர் எண்ணிக்கையால் வகுக்கிறவர்களுக்கு இரட்டை அடி விழும்.

மூன்றாம் காரணத்தில்தான் உண்மையான வேலை இருக்கிறது: யாரை யாரோடு உட்கார வைப்பது. ஷெட்யூலர் என்பது எப்போது யாருக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் பகுதி. தனிப் பயனர் முறைக்காக எழுதப்பட்ட ஷெட்யூலர், ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையன்களைத் தேடிப் பொறுக்கும். அதை அப்படியே கொண்டுவந்து சட்டகத்துக்குள் பயன்படுத்தினால், ஒரே முன்குறியாக்கியைப் பகிர வேண்டியவர்கள் ஒருவருக்கொருவர் முற்றிலும் மாறான திசையில் நிற்பார்கள். மல்டிகாஸ்டில் விதி இரண்டு பக்கமும் வேறு: சட்டகத்துக்குள் இருப்பவர்கள் இணையானவர்களாக இருக்க வேண்டும், ஒரே நேரத்தில் ஓடும் வெவ்வேறு கற்றைகளின் சட்டகங்கள் செங்குத்தாக இருக்க வேண்டும். சோதனை எளிது. நிரைகளை அலகு நீளமாக்கி உட்பெருக்கத்தின் வீச்சை அச்சிடுங்கள். சட்டகத்துக்குள் 1-ஐ ஒட்டியும் சட்டகங்களுக்கிடையே சுழியை ஒட்டியும் வர வேண்டும். தலைகீழாக வந்தால் ஒரு வரியில் பெரியதைத் தேடும் இடத்தில் சிறியதைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொரு பொறி: ‘ஒத்த பயனர்’ என்பதற்கு ஒத்த குறிகை வலிமை என்று பொருள் கொள்வது. கற்றையின் நடுவிலிருந்து கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர், இருவருக்கும் சமமான வலிமை. ஆனால் ஒருவர் கிழக்குக் கற்றையின் குறுக்கீட்டையும் மற்றவர் மேற்குக் கற்றையின் குறுக்கீட்டையும் வாங்குகிறார். ஒருவருக்குப் பொருந்தும் கழித்தல் மற்றவருக்குப் பொருந்தாது. மறுபுறம், அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் ஒன்றில் மழை. மழை நிரை முழுவதையும் சுருக்கும், திசையை மாற்றாது. இருவரும் திசையில் இரட்டைப் பிள்ளைகள். வலிமையில் மலையும் மடுவும். 12, 11.5 டெசிபெல் உள்ள இருவருக்கு டிவிபி-எஸ்2 அட்டவணையில் 16ஏபிஎஸ்கே 4/5 என்ற மோட்காட் கிடைக்கும், ஒரு குறியீட்டுக்கு ஏறத்தாழ 3.17 பிட். அதே சட்டகத்தில் மழையில் நனைந்த 3 டெசிபெல்காரர் ஒருவரை ஏற்றுங்கள்; மூவரும் க்யூபிஎஸ்கே 3/5-க்கு இறங்கி 1.19-இல் நிற்பார்கள்.

ஆகவே வரிசை இது. முதலில் ஒவ்வொரு கற்றையிலும் ஒரு தலைப் பயனர். தலைப் பயனர்கள் ஒருவருக்கொருவர் செங்குத்தாக. பிறகு ஒவ்வொரு தலைவருக்கும் அதே திசையிலுள்ளவர்களைத் திரட்டுங்கள். திரட்டியவர்களில் வலிமை நெருங்கியவர்களை மட்டும் ஏற்றுங்கள். முனையங்கள் வீட்டுக் கூரையில் அசையாமல் இருப்பவை என்றால், திசையனுக்குப் பதிலாக அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வைத்தே கூட்டம் பிரிக்கலாம். கணக்கு வெகுவாகக் குறையும், இழப்பு அதிகமில்லை. தொடங்குகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கட்டும் என்பது என் கட்சி.

நான்காம் காரணம், எண்ணிக்கை. 7 ஃபீடுகள், கற்றைக்கு 3 பேர் என்றால் 21 நிரை, 7 நிரல். ஒரு கற்றையின் குறிகையை மற்ற ஆறு கற்றைகளிலும் உள்ள 18 பேரிடமும் சுழியாக்க 7 எண்களால் முடியாது. நேர்மாறுக்குப் பதிலாகப் போலி நேர்மாறைப் போட்டுவிட்டு மூலைவிட்டம் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பேர் கூடக்கூடச் சராசரி நிரை யாருக்கும் பொருந்தாத சட்டையாகும். சட்டகத்துக்கு 2, 3, 4 என்று ஏற்றி ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள்.

கடைசி, செலவு மிகுந்தது: சராசரியை விட்டுவிட்டு, மிகக் குறைந்தவரின் விகிதத்தை உயர்த்தும் உகப்பாக்கத்துக்குப் போவது. ஒரே ஒரு குழுவுக்குக்கூட இது என்.பி. கடினமான (விரைவான துல்லியத் தீர்வு அறியப்படாத) சிக்கல் என்பது 2006-இலேயே நிரூபிக்கப்பட்டுவிட்டது. அதனால் தளர்த்திய வடிவத்தைத் தீர்த்து, கிடைத்ததிலிருந்து பல மாதிரிகளை எடுத்து நல்லதைத் தேர்வார்கள். சிவிஎக்ஸ் போன்ற உகப்பாக்க மென்பொருளில் 7 கற்றைக்கு ஓடும். 500 மெகாஹெர்ட்ஸ் கேரியரில் 612,540 குறியீடுகள் கொண்ட ஒரு சூப்பர் சட்டகம் (பல சட்டகங்களைச் சுமக்கும் நிலையான நீளமுள்ள தொகுதி) ஏறத்தாழ 1.5 மில்லி நொடியில் கடந்துவிடும். அந்த வேகத்துக்கு இது ஈடுகொடுக்காது. மேல் வரம்பு எவ்வளவு என்று அறிய மட்டும் ஓட்டுங்கள். அந்த வரம்புக்கும் உங்கள் சராசரி முறைக்கும் பெரிய இடைவெளி இருந்தால் குற்றம் முன்குறியாக்கியிடம் இல்லாமல் ஷெட்யூலரிடம் இருக்கவே வாய்ப்பு அதிகம். தேர்வைத் திருத்தினால் இடைவெளி தானே சுருங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உகப்பாக்கத்தைத் திருத்தியே தீருவேன் என்றால் குவிவு உகப்பாக்கம் தெரிந்த ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக இறங்கினால் ஒரு பருவம் போய்விடும்.

அறிகுறி 3: பெரும்பாலும் நன்றாக ஓடுகிறது, சில நொடித்துண்டுகளில் மட்டும் பாதாளம்

வரைபடத்தில் நேர்கோடு, நடுநடுவே பல் விழுந்த இடைவெளி. எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒட்டி இருக்கும் இருவர் ஒரே நேரத்தில் தேர்வானதுதான் காரணம். அவர்கள் வேறு வேறு கற்றை. ஆனால் வானிலிருந்து பார்த்தால் ஒரே ஆள். எண்ணில் பாருங்கள். நிரைகள் 1, 0.9 என்றும் 0.9, 1 என்றும் இருந்தால் அணிக்கோவை 0.19. நேர்மாறில் ஒரு ஃபீடு கேட்கும் திறன் சுமார் 50. கற்றை நடுவிலுள்ள இருவர், 1, 0.2 என்றும் 0.2, 1 என்றும், கேட்பது 1.13. வித்தியாசம் 16 டெசிபெல்லுக்கு மேல். பெருக்கிக்கு வரம்பு உண்டு என்பதால் அணி முழுவதும் சுருக்கப்படும்; அந்த இருவர் செய்த தவறுக்கு மொத்த ஊரும் தண்டம் கட்டும்.

சோதனை: ஒவ்வொரு நொடித்துண்டுக்கும் அணி நேர்மாறு எடுக்க எவ்வளவு அடம்பிடிக்கும் என்று காட்டும் நிபந்தனை எண்ணைப் பதிவு செய்து வேகத்தோடு சேர்த்து வரையுங்கள். மேலே சொன்ன எல்லைக்கோட்டு இணைக்கு அது 19. நடுவில் உள்ளவர்களுக்கு 1.5. பாதாளங்களும் சிகரங்களும் ஒரே இடத்தில் விழுந்தால் நோய் உறுதி.

மருந்து: ஒரு கற்றையில் எல்லையோரத்தவரை எடுக்கும்போது அண்டைக் கற்றையில் நடுவிலுள்ளவரை எடுங்கள். 1, 0.9 என்பவரோடு 0.2, 1 என்பவரைச் சேர்த்தால் அதிகபட்ச ஃபீடு திறன் 2.7-தான், 16 டெசிபெல் இழப்பு 4-க்குள் வந்துவிடும். கற்றையை வளையங்களாகவோ துண்டங்களாகவோ பிரித்து, எல்லாக் கற்றைகளிலும் ஒரே எண்ணுள்ள துண்டத்தை ஒரே நேரத்தில் அழைப்பதும் உண்டு. எல்லாக் கற்றைக்கும் கிழக்கோரம் என்றால் எந்த இருவரும் எல்லைக்கோட்டில் எதிரெதிரே வரமாட்டார்கள். மூலைவிட்டத்தில் எண்ணைச் சேர்த்துப் பாதாளத்தை மழுப்புவதும் வேலை செய்யும். ஆனால் அது காய்ச்சலுக்கு மாத்திரை. கொசு அப்படியே இருக்கும்.

அறிகுறி 4: முடிவுகள் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கின்றன

புகார் சொல்ல யாரும் வராத அறிகுறி. ஆய்வுக் கட்டுரையைத் திருப்பி அனுப்பும் நடுவர்தான் வருவார்.

ஆண்டெனாவின் கதிர்வீச்சுக் கோலம் டெசிபெல்லில் திறனாகத் தரப்பட்டிருக்கும். சேனல் அணிக்கு வேண்டியது அதன் வர்க்கமூலம். அண்டைக் கற்றை 6 டெசிபெல் கீழே என்றால் அணியில் 0.5 வர வேண்டும். வர்க்கமூலம் எடுக்காமல் போட்டால் 0.25 வந்து, குறுக்கீடு 12 டெசிபெல் கீழே இருப்பதாகக் கணினி நம்பிவிடும். இதை மட்டும் திருத்தியதும் பாதிப் பேரின் முகம் வாடும்.

அடுத்து சேனல் மாதிரி. செல்பேசிப் பாடத்திலிருந்து ராலே மங்கலை (பல திசை எதிரொலிகள் கலந்து குறிகை ஏறி இறங்கும் மாதிரி) எடுத்துவந்து ஒவ்வோர் எண்ணையும் சமவாய்ப்பாக உருட்டினால் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அந்நியர்களாகிவிடுவார்கள். எல்லாத் திசையன்களும் தாமாகவே ஏறத்தாழச் செங்குத்தாக விலகிக்கொள்ளும். புவிநிலைச் செயற்கைக்கோளிலிருந்து கூரைத் தட்டுக்கு நேர்ப்பார்வைப் பாதை. அணியை நிர்ணயிப்பது கற்றையின் வடிவமும் பயனரின் இடமும். மழை அதன்மேல் நிரை நிரையாக விழும்.

கோட்பாட்டளவிலான உச்ச வேகத்தைத் தரும் ஷானன் சூத்திரத்துக்குப் பதிலாக மோட்காட் அட்டவணையைப் போடுங்கள். டிவிபி-எஸ்2-இன் 28 மோட்காட்களில் மிகத் தாழ்ந்தது −2.35 டெசிபெல்லில் தொடங்குகிறது, மிக உயர்ந்தது 16.05-இல் முடிகிறது. தாழ்ந்த எல்லைக்குக் கீழே சட்டகத்துக்கே சுழி. உயர்ந்த எல்லைக்கு மேலே எவ்வளவு ஏறினாலும் குறியீட்டுக்கு 4.45 பிட்தான். எஸ்2எக்ஸின் மிகத் தாழ் வரம்பு மோட்காட்கள் −10 டெசிபெல் பக்கம் வரை இறங்கும். உங்கள் முனையத்தில் அவை இருப்பதாகச் சொன்னால் மட்டும் சேருங்கள்.

ஏழு சம அறுகோணங்களும் கொஞ்சம் ஏமாற்றும். 2024 நவம்பரில் ஏவப்பட்ட இந்தியாவின் ஜிசாட்-என்2-வில் 32 பயனர் கற்றைகள்: வடகிழக்குக்கு 8 குறுகியவை, மற்றப் பகுதிகளுக்கு 24 அகன்றவை. அகலம் மாறினால் ஈட்டமும் (கெயின்) மாறும். சமமற்ற அண்டைக் கற்றைகளை வைத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அறிகுறி 5: சராசரி நன்று, சிலர் மட்டும் வரிசையிலேயே நிற்கிறார்கள்

பேராசைக்கார ஷெட்யூலரின் குணம். எல்லையோரத்தவரும் மழைப் பகுதியினரும் யாருக்கும் ஒத்த துணையாக வராததால் கூப்பிடப்படவே மாட்டார்கள். காத்திருந்த நேரத்தை எடையாக வைத்துத் தேர்வு மதிப்பைப் பெருக்குங்கள். அல்லது இத்தனை சட்டகத்துக்குள் ஒருமுறையாவது என்று கெடு வையுங்கள். சராசரி சற்று இறங்கும். ஐந்தாம் நூற்றுமானப் பயனரின் (நூறு பேரில் கீழிருந்து ஐந்தாமவர்) வேகத்தையும் சேர்த்து அச்சிடுங்கள், மனம் ஆறும்.

அறிகுறி 6: சிமுலேஷனில் சரி, கருவியில் ஏற்றினால் குறுக்கீடு போகவே இல்லை

இங்கே சோதனைகள் மேசையை விட்டு இறங்கி அறைக்குப் போகின்றன. வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் சட்டகங்கள் ஒத்துத் தொடங்குகின்றனவா? கழிக்கப்படும் நகல், கழிக்கப்பட வேண்டிய குறிகையோடு குறியீட்டுக்குக் குறியீடு பொருந்த வேண்டும். எல்லாக் கற்றைகளின் சூப்பர் சட்டகமும் ஒரே கணத்தில் தொடங்குகிறதா என்று அலைக்காட்டியில் பாருங்கள். கேபிள் நீளம் மாறியிருந்தால் இங்கேயே தெரியும்.

அடுத்து முனையம் அனுப்பும் சேனல் அறிக்கை. அண்டைக் கற்றைகளைப் பிரித்தறிய, ஒன்றுக்கொன்று செங்குத்தான வால்ஷ்-ஹடமார்டு வரிசைகள் உதவுகின்றன; ஆனாலும் மிகப் பலவீனமான அண்டையை முனையம் காணாமல் விடலாம். தரை நிலையம் அதைச் சுழியென்று எடுத்துக்கொள்ளும். சிமுலேஷனில் அதே எண்களைச் சுழியாக்கி ஓட்டுங்கள். கருவியின் முடிவோடு பொருந்தினால் விடை கிடைத்துவிட்டது.

பிறகு தாமதம். செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில். ஏறி இறங்கக் கால் நொடி. அறிக்கை திரும்பி வர இன்னொரு கால். அதை வைத்துச் செய்த முன்குறியாக்கி பயனரை அடைய மூன்றாவது கால். முக்கால் நொடிப் பழசு. அதற்குள் ஐந்நூறு சூப்பர் சட்டகங்கள் கடந்திருக்கும். இரண்டு ஃபீடுகளுக்கிடையே கட்டம் பத்து நொடிக்கு ஒரு சுற்று வீதம் நகர்ந்தால்கூட, முக்கால் நொடியில் 27 பாகை விலகி, கழிக்க நினைத்த குறுக்கீட்டின் வீச்சில் ஏறத்தாழப் பாதி திரும்ப வந்துவிடும்.

நகர்வது யார் என்று கண்டுபிடிக்க ஒரு வழி. அறிக்கைகளைக் கால வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு நிரையையும் அதன் சொந்தக் கற்றையின் கட்டத்தால் திருப்புங்கள். அதன்பின்னும் ஒரே ஒரு பயனரின் நிரை மட்டும் குதித்தால் அவருடைய முனையம் சரியாக அளக்கவில்லை. ஒரே ஃபீடின் நிரல் எல்லோருடைய அறிக்கையிலும் ஒன்றாக நகர்ந்தால் அந்த ஃபீடின் பாதை நகர்கிறது. அந்த ஃபீடின் சொந்தக் கற்றையில் இருப்பவர்களுக்கு மட்டும் தங்களுடையது நின்று மற்ற எல்லா நிரல்களும் எதிர்ப்பக்கம் ஓடுவதுபோல் தெரியும். ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு மரங்கள் ஓடுவதுபோல. சீரான நகர்வு என்றால் சரிவைக் கண்டு முக்கால் நொடி முன்தள்ளிக் கணித்துவிடலாம். தாறுமாறாக ஆடினால் மென்பொருளால் ஆகாது.

ஒன்றுக்கு மேற்பட்ட தரை நிலையங்கள் கற்றைகளைப் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றின் கடிகாரமும் தனி வழி போகும். ஜி.பி.எஸ். கொண்டு பூட்டிய குறிப்பு அலையியற்றி இருக்கிறதா, அந்தப் பூட்டு விளக்கு உண்மையில் எரிகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். தொலைபேசியில் ‘எரிகிறது’ என்ற பதிலை நம்பி ஒரு வாரம் இழந்தேன்.

கடைசியாக ஆற்றல் பெருக்கி. முன்குறியாக்கம் பல குறிகைகளைக் கூட்டி ஒரு பெருக்கிக்குள் தள்ளுவதால் உச்சங்கள் உயரும். நேர்கோட்டுப் பகுதியைத் தாண்டினால் கழித்தல் கெடும். தரை நிலைய உந்து அளவை 2 அல்லது 3 டெசிபெல் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். குறிகையோடு ஒப்பிட்டால் குறுக்கீடும் கணிசமாக இறங்கினால் குற்றவாளி இதுதான்.

குறைக்கச் சொல்லுங்கள் என்றேன், நீங்களே குறைக்காதீர்கள். அனுப்பும் திறன், செயற்கைக்கோளின் அலையியற்றி, பெருக்கியின் இயக்கப் புள்ளி ஆகியவை இயக்குநரின் எல்லை. தவறான ஓர் எண் பக்கத்து வாடிக்கையாளரின் சேவையைக் கெடுக்கும். ஃபீடு நிரல் தாறுமாறாக ஆடுவது உறுதியானாலோ, பூட்டு விளக்கு அணைந்திருந்தாலோ, உந்து குறைத்ததும் நிலைமை மாறினாலோ அங்கே நிறுத்திக்கொண்டு தரை நிலைய ரேடியோ பொறியாளரையும் அவர் வழியாகச் செயற்கைக்கோள் இயக்குநரையும் அழையுங்கள். போகும்போது 24 மணி நேரக் கட்டப் பதிவு கையில் இருக்கட்டும். செயற்கைக்கோள் தன் இடத்துக்குள்ளேயே நாள்தோறும் ஒரு சுற்று அசைவதால் அரை நாள் பதிவு ஏமாற்றும். எந்த ஃபீடு என்ற எண்ணும், உந்து குறைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த நிறமாலைப் படங்களும் கூட வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பேச்சு பத்து நிமிடத்தில் முடியும். வெறுங்கையோடு போனால் ‘முதலில் உங்கள் மென்பொருளைப் பாருங்கள்’ என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள்.